‘ஐ வில் வேக் அப்’பை ‘ஐ வேக் அப்’ ஆக்குவது எப்படி? புதிதாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

பெயர், ஊர், வேலை இதெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லப் பழகிவிட்ட ஒருவருக்கு அடுத்து என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டால், அவருடைய நாளை என்றுதான் சொல்வேன். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், எப்போது கிளம்புகிறார், வேலை எப்போது முடிகிறது, ராத்திரி எப்போது படுக்கிறார். சொல்வதற்கான விஷயம் அவரிடமே இருக்கிறது, எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை, நாளைக்கும் கிட்டத்தட்ட அதையேதான் செய்யப்போகிறார் என்பதால் ரிவிஷனும் தானாக நடக்கும். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1-இலிருந்து சி2 வரை ஆறு படிகள் உண்டு, அன்றாட வாழ்க்கையைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்வது அதில் முதல் இரண்டு படிகளுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

அதனால் சுலபமான பாடம் என்று நினைத்து இறங்கினால் சறுக்கும். பலகையில் இருபது வினைச்சொல்லை எழுதி, கூடவே ‘ஹி, ஷி வந்தால் எஸ் சேர்க்கணும்’ என்ற விதியையும் முதல் நாளே போட்டுவிட்டால், வகுப்பு முடியும்போது எல்லோருக்கும் விதி தெரிந்திருக்கும், ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார். நான் சொல்லப்போகும் வழி கொஞ்சம் மெதுவானது. ‘ஐ’ மட்டும் வைத்துக்கொண்டு, அவரவர் நாளை அவரவரே, வேறு வேறு ஆட்களிடம் பல தடவை சொல்ல வைப்பது. ‘ஹி’யும் ‘ஷி’யும் வெகு பின்னால் வரட்டும்.

ஆங்கில வாக்கியங்களை இங்கே காதில் விழுகிற மாதிரி தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். பலகையில் நீங்கள் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

பாடத்துக்கு முன்னால்: ‘வில்’ எங்கிருந்து வருகிறது

தமிழ் பேசுபவர்களுக்கு இந்தப் பாடத்தில் விழும் பெரிய அடி எது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. நம்முடைய வழக்கத்தை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். “தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன், குளிப்பேன், எட்டு மணிக்குக் கிளம்புவேன்.” எழுந்திருப்பேன், குளிப்பேன், கிளம்புவேன் எல்லாமே இலக்கணப்படி எதிர்காலம். தமிழில் வழக்கமாகச் செய்வதைச் சொல்லவும் இந்த வடிவம்தான். இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் “டெய்லி ஐ வில் வேக் அப் அட் சிக்ஸ்” என்றுதான் வரும். சொல்பவர் மனதில் அது தப்பே இல்லை.

சிலர் ‘எழுந்திருக்கிறேன்’ என்று யோசிப்பார்கள். தமிழில் ‘போகிறேன்’ என்பது இப்போது போய்க்கொண்டிருப்பதற்கும் வரும், தினமும் போவதற்கும் வரும். ஆகவே “ஐ ஆம் கோயிங் டு ஆபீஸ் டெய்லி” என்பார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது, கொஞ்சம் ஆங்கிலம் ஏற்கெனவே படித்தவர்கள். ‘எழுந்திருப்பது வழக்கம்’ என்பதை மனதில் வைத்து “ஐ யூஸ் டு வேக் அப் அட் சிக்ஸ்” என்று சொல்வார்கள். கேட்பவர் காதில் அது ‘முன்பு ஆறு மணிக்கு எழுந்திருப்பேன், இப்போது இல்லை’ என்று விழும். மூன்றில் இதுதான் மோசம், ஏனென்றால் வாக்கியம் சரியான ஆங்கிலம் மாதிரியே இருப்பதால் யாரும் திருத்த மாட்டார்கள், அர்த்தம் மட்டும் மாறிப்போய்விடும்.

இதற்கு டென்ஸ் பெயர்களைச் சொல்லி அரைமணி நேரம் விளக்காதீர்கள். பலகையில் ஏழு கட்டம் போடுங்கள், ஒரு வாரம். ஏழிலும் டிக் அடித்து “ஐ வேக் அப் அட் சிக்ஸ்” என்று சொல்லுங்கள். எல்லா டிக்கையும் அழித்துவிட்டு நாளைய கட்டத்தில் மட்டும் ஒரு டிக், “டுமாரோ ஐ வில் வேக் அப் அட் ஃபைவ்.” அவ்வளவுதான். நாளைக்கு மட்டும் என்றால் ‘வில்’, வாரம் முழுக்க என்றால் வெறும் ‘ஐ வேக் அப்’. தேவைப்பட்டால் தமிழிலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள், “நாம் எழுந்திருப்பேன் என்று சொல்வதை அவர்கள் வில் இல்லாமல் சொல்வார்கள்” என்று. ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. ஒரு வரியில் புரியவேண்டியதை ஐந்து நிமிடம் நடித்துக்காட்டி யாருக்கு லாபம்?

முதல் படி: அவர்களுடைய நாளைக் கேளுங்கள்

புத்தகத்தில் இருக்கும் நாள் ஒன்று உண்டு. அதில் இருப்பவர் ஆறு மணிக்கு எழுந்து, ஏழு மணிக்குச் செய்தித்தாள் படித்து, ஒன்பது முதல் ஐந்து வரை வேலை பார்த்து, பத்து மணிக்குச் சமத்தாகப் படுப்பார். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்தவராக இருக்கலாம், கைக்குழந்தை வைத்திருப்பவராக இருக்கலாம், வேலை தேடிக்கொண்டிருப்பவராக இருக்கலாம். காலை எட்டு மணிக்குத் தூங்கப்போகும் ஒருவரை “ஐ வேக் அப் அட் சிக்ஸ் இன் த மார்னிங்” என்று பத்து தடவை சொல்ல வைத்தால் அவர் ஒப்பிப்பார், பேச மாட்டார்.

எனவே பாடத்துக்கு முந்தின நாளோ முதல் ஐந்து நிமிடத்திலோ தமிழிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், எழுந்ததும் முதலில் என்ன, வேலைக்குப் போவது எப்படி, சமையல் யார், ராத்திரி என்ன செய்வீர்கள். எல்லோருக்கும் பொதுவாக வருகிற ஏழெட்டு வேலையும், ஒவ்வொருவருக்கும் தனியாக இரண்டு மூன்று வேலையும் தேறும். அந்தத் தனி வேலைகளை விடாதீர்கள். ‘நாயை வெளியே கூட்டிப்போவேன்’ என்று ஒருவர் சொன்னால் “ஐ வாக் த டாக்” அவருக்கு வேண்டும், மற்றவர்களுக்கு வேண்டாம்.

சொந்த வாழ்க்கையைச் சொல்ல விருப்பமில்லாதவர்களும் இருப்பார்கள். அவர்கள் ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்ளட்டும், விமானியோ பாடகரோ, அந்த ஆளாகவே பேசட்டும். காரணம் கேட்காதீர்கள்.

இரண்டாம் படி: தனிச் சொல்லாக வேண்டாம், கோத்த துண்டாகக் கொடுங்கள்

‘பிரஷ்’ என்று ஒரு சொல்லும், ‘டீத்’ என்று ஒரு சொல்லும் தனித்தனியாகக் கொடுத்தால் மாணவர் அவற்றைத் தமிழ் வரிசையில் ஒட்டவைப்பார். “பிரஷ் மை டீத்” என்று முழுத் துண்டாகக் கொடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் ‘மை’ ஏன் என்று அவர் கேட்கும்வரை விளக்கவும் வேண்டாம். தமிழில் பல் தேய்த்தேன், முகம் கழுவினேன் என்போம், ‘என்’ பல், ‘என்’ முகம் என்று சொல்ல மாட்டோம். அதனால்தான் ‘மை’ விட்டுப்போகிறது. துண்டாகவே மனப்பாடமானால் விடுபடாது.

முதல் சுற்றுக்கு எனக்குப் பிடித்த பட்டியல் இது: வேக் அப், கெட் அப், பிரஷ் மை டீத், ஹேவ் எ பாத், கெட் டிரெஸ்ட், ஹேவ் பிரேக்ஃபாஸ்ட், கோ டு வொர்க், ஹேவ் லன்ச், ஃபினிஷ் வொர்க், கோ ஹோம், குக் டின்னர், கோ டு பெட். பள்ளிப் பிள்ளைகள் என்றால் வேலைக்குப் பதில் ‘கோ டு ஸ்கூல்’, ‘டூ மை ஹோம்வொர்க்’. பன்னிரண்டுக்கு மேல் போகாதீர்கள், முதல் வகுப்பில் ஆறு போதும்.

இதற்குள்ளேயே சில பள்ளங்கள் இருக்கின்றன. ‘வேக் அப்’ என்றால் கண் விழிப்பது, ‘கெட் அப்’ என்றால் படுக்கையை விட்டு எழுந்திருப்பது. இரண்டுக்கும் நடுவில் அரைமணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும். ‘டேக் பாத்’ என்பார்கள், நடுவில் ‘எ’ வேண்டும். ‘டேக் மை ஃபுட்’ என்பார்கள், ‘ஹேவ் லன்ச்’ என்பதே இயல்பு, அங்கே ‘எ’யும் வேண்டாம் ‘த’வும் வேண்டாம். ‘கோ டு வொர்க்’கில் ‘டு’ உண்டு, ‘கோ ஹோம்’மில் கிடையாது. ‘ஐ கோ பை வாக்’ என்பது ‘பை பஸ்’ஸைப் பார்த்துப் போட்டுக்கொண்ட சூடு, அதற்கு “ஐ வாக் டு வொர்க்” போதும். இவற்றையெல்லாம் விதியாகச் சொன்னால் தலை சுற்றும். சரியான துண்டைத் திரும்பத் திரும்பக் காதில் போடுங்கள், தப்பான வடிவத்தைப் பலகையில் எழுதவே எழுதாதீர்கள்.

மூன்றாம் படி: வாய்க்கு முன்னால் காதும் கையும்

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் ஒரு முறையை முன்வைத்தார். ஆசிரியர் கட்டளை சொல்வார், மாணவர் உடலால் செய்து காட்டுவார், பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள். இந்தப் பாடத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும், ஏனென்றால் பன்னிரண்டு துண்டையும் நடித்துக் காட்டலாம். நீங்கள் “பிரஷ் யுவர் டீத்” என்கிறீர்கள், எல்லோரும் தேய்க்கிறார்கள். “கோ டு பெட்”, மேசைமேல் தலை சாய்க்கிறார்கள். முதலில் நீங்களும் கூடச் செய்யுங்கள், பிறகு கையைக் கட்டிக்கொண்டு வெறுமனே சொல்லுங்கள், அப்புறம் வரிசையைக் கலைத்துப் போட்டு வேகமாகச் சொல்லுங்கள். பெரியவர்கள் வெட்கப்படுவார்கள் என்று பயப்பட வேண்டாம், நீங்கள் வெட்கப்படாவிட்டால் அவர்களும் பட மாட்டார்கள். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்தால் அலுத்துவிடும்.

அடுத்து உங்கள் நாளைச் சொல்லுங்கள். ஏழெட்டு வாக்கியம், மெதுவாக, இயல்பாக. மாணவர்கள் கையில் அதே துண்டுகள் எழுதிய சீட்டுகள் இருக்கட்டும், கேட்கக் கேட்க வரிசையாக அடுக்கட்டும். இரண்டாம் தடவை நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்க வராதவர்கள் இருந்தால் சீட்டில் படம் போட்டுவிடுங்கள், குச்சி மனிதன் போதும்.

இதற்குப் பிறகுதான் வாய். இங்கே உச்சரிப்பில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடியுங்கள். மெய்யெழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் நமக்கு ஒரு ‘உ’ ஒட்டிக்கொள்ளும்: வேக்கு அப்பு, பிரஷ்ஷு, லன்ச்சு. ‘உ’வை எடு என்றால் எடுக்க வராது. அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்ல வைத்தால் அதுவே போய்விடும். வேக் அப் என்பது ‘வேக்கப்’, கெட் அப் என்பது ‘கெட்டப்’, ஹேவ் எ பாத் என்பது ‘ஹேவ-பாத்’. மேசையில் தட்டிக்கொண்டே, ‘ஐ-வேக்கப்-அட்-சிக்ஸ்’, ஒரே மூச்சில். உச்சரிப்பும் சரியாகும், ஆங்கிலத்தின் ஓட்டமும் வரும்.

நான்காம் படி: நேரம், அதுவும் குறைவாக

கடிகார நேரம் சொல்வதில் ஒரு வகுப்பையே செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘ஹாஃப் பாஸ்ட் சிக்ஸ்’, ‘குவார்ட்டர் டு நைன்’ எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். ‘சிக்ஸ் தர்ட்டி’, ‘எய்ட் ஃபார்ட்டி ஃபைவ்’ என்று எண்ணை எண்ணாகவே சொன்னால் உலகத்தில் எல்லோருக்கும் புரியும். ‘ஓ கிளாக்’ முழு மணிக்கு மட்டும்தான், ‘சிக்ஸ் தர்ட்டி ஓ கிளாக்’ கிடையாது.

அதைவிட வாக்கியத்தில் நேரம் எங்கே உட்கார்கிறது என்பதுதான் முக்கியம். ‘காலை ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்’ என்ற வரிசை நமக்குப் பழக்கம் என்பதால் “மார்னிங் சிக்ஸ் ஓ கிளாக் ஐ வேக் அப்” என்று வரும். ஆங்கிலத்தில் சாதாரணமாக அது தலைகீழ்: யார், என்ன செய்கிறார், எத்தனை மணி, எந்தப் பொழுது. “ஐ வேக் அப் அட் சிக்ஸ் இன் த மார்னிங்.” நான்கு பேரை நிற்கவைத்து ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து வரிசையில் நிற்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் மனதில் பதியும்.

‘அட், இன், ஆன்’ போன்ற முன்னிடைச்சொற்களுக்கு நம்மிடமே ஒரு பிடி இருக்கிறது. ‘மணிக்கு’ என்று வந்தால் ‘அட்’, ‘காலையில், மாலையில்’ என்று ‘இல்’ வந்தால் ‘இன் த’. கிழமைக்கு ‘ஆன்’. இரவு மட்டும் வம்பு பண்ணும், ‘இரவில்’ என்றாலும் ‘அட் நைட்’தான். விதிவிலக்கு ஒன்றே ஒன்று என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள்.

ஐந்தாம் படி: கேள்வி, இங்கேதான் பாடம் உயிர் பெறுகிறது

ஒருவர் எழுந்து நின்று தன் நாளை ஒப்பிப்பது, மற்றவர்கள் கொட்டாவி விடுவது. இதுதான் இந்தப் பாடத்தின் சாபம். அதை உடைக்கக் கேள்வி வேண்டும், கேள்விக்குப் பின்னால் ஒரு காரணமும் வேண்டும்.

கேள்வி வடிவத்தைத் துண்டாகவே கொடுங்கள்: “வாட் டைம் டு யூ...?” இதோடு எந்தத் துண்டையும் ஒட்டலாம். வாட் டைம் டு யூ கெட் அப், வாட் டைம் டு யூ ஹேவ் லன்ச். தமிழில் ‘நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்’ என்று கேட்பதால் ‘டு’ (do) என்ற அந்தச் சின்னச் சொல் எதற்கு என்றே தோன்றாது, ‘யூ வாட் டைம் கெட் அப்?’ என்று கேட்பார்கள். “வாட்டைம்ட்யூ” என்று ஒரே சொல் மாதிரி பழக்கிவிட்டால் பிரச்சினை இல்லை. ‘டு’வின் இலக்கணத்தை அடுத்த மாதம் பேசலாம்.

காரணம் என்று சொன்னேனே, அதற்கு ஒரு எளிய வேலை: வகுப்பிலேயே முதலில் எழுந்திருப்பவர் யார், கடைசியாகப் படுப்பவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எல்லோரும் எழுந்து நடந்து, எல்லோரிடமும் கேட்டே ஆக வேண்டும். ஆளுக்கு ஒரு தடவை சொல்லிவிட்டு உட்காரவேண்டிய வாக்கியத்தை இப்படிப் பத்துப் பேரிடம் சொல்லிவிடுவார்கள், அலுப்பே தெரியாது. ஒரே ஒரு மாணவர்தான் என்றால் நீங்கள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் ஆளுக்கு ஒரு அட்டவணையை மறைத்து வைத்துக்கொள்ளுங்கள், இருவரும் வெட்டியாக இருக்கும் ஒரு மணி நேரத்தைக் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழகுங்கள். அமெரிக்க வகுப்பறைகளில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன. அது அறிவியல் பாடத்தில், தெரிந்த மொழியில். புது மொழியில் கேள்வியைப் புரிந்து, சொல்லைத் தேடி, வரிசையாக அடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆறாம் படி: எப்போதும், சில சமயம், ஒருபோதும்

‘ஆல்வேஸ், யூஷுவலி, சம்டைம்ஸ், நெவர்’ நான்கு போதும். சுவரில் ஒரு கோடு, ஒரு முனை எப்போதும், மறுமுனை ஒருபோதும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாணவர்கள் போய்த் தங்கள் இடத்தில் நிற்கலாம். இடவிதி: வினைச்சொல்லுக்கு முன்னால், ஆனால் ‘ஆம், இஸ், ஆர்’ வந்தால் அதற்குப் பின்னால். “ஐ ஆல்வேஸ் வாக் டு வொர்க்”, ஆனால் “ஐ ஆம் ஆல்வேஸ் லேட்.”

‘நெவர்’தான் கவனிக்க வேண்டியது. தமிழில் ‘ஒருபோதும் சமைப்பதில்லை’ என்று இரண்டு பக்கமும் இல்லை என்போம், அதனால் “ஐ நெவர் டோன்ட் குக்” என்று வரும். ‘நெவர்’ இருந்தால் ‘டோன்ட்’ கூடாது. இதற்கு ஒரு விளையாட்டு உண்டு: ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும், அதில் ஒன்று பொய். “ஐ நெவர் குக். ஐ ஆல்வேஸ் கெட் அப் அட் ஃபோர். ஐ சம்டைம்ஸ் சிங் இன் த பாத்ரூம்.” எது பொய் என்று மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். இதுவரை வாய் திறக்காதவர்கூட மற்றவரை மாட்டிவிடுவதற்காகக் கேள்வி கேட்பார்.

ஏழாம் படி: இப்போது ‘ஹி’, ‘ஷி’

மூன்றாவது நான்காவது வகுப்புக்கு முன் இதைத் தொடாதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1973-இல் எழுதியதில், அவர்கள் பேச்சில் பதினான்கு இலக்கண உருபுகள் வந்து படிந்த வரிசையைக் காட்டினார். ‘இங்’ முதலில் வந்தது. பன்மைக்கான ‘எஸ்’ஸும் சீக்கிரமே வந்துவிட்டது. ‘ஹி கோஸ்’ஸில் வரும் ‘எஸ்’ பத்தாவது. அந்த மொழியிலேயே பிறந்து வளரும் பிள்ளைக்கே இந்தக் கதி. இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கும் இந்த ‘எஸ்’ தாமதமாகத்தான் படிகிறது, விதி தெரிந்த பிறகும் பேச்சில் விட்டுப்போகும். ஆகவே சொல்லிக்கொடுங்கள், ஆனால் உடனே வரவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள்.

சொல்லிக்கொடுக்க இயல்பான தருணம், ஒருவரை ஒருவர் கேட்டு முடித்தபின் பக்கத்து ஆளைப் பற்றி வகுப்புக்குச் சொல்வது. “ஷி கெட்ஸ் அப் அட் ஃபைவ்.” நம் வினையில் ஆளைக் காட்டும் விகுதி எப்போதுமே உண்டு, போகிறேன், போகிறாய், போகிறாள் என்று ஆளுக்கு ஒன்றாக மாறும். ஆங்கிலத்தில் அதெல்லாம் உதிர்ந்து மிச்சமிருப்பது இந்த ஒரு ‘எஸ்’தான் என்று சொன்னால் மாணவர்களுக்கு அதன்மேல் கொஞ்சம் பரிவு வரும்.

ஒலி மூன்று விதம். கெட்ஸ், குக்ஸ், வேக்ஸ் இவற்றில் வெறும் காற்று ‘ஸ்’. கோஸ், கம்ஸ் இவற்றில் தொண்டை அதிரும் ‘ஸ்’, வண்டு ரீங்காரம் மாதிரி. தமிழ் எழுத்தில் அதைக் காட்ட முடியாது, தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ச், ஷ், ஸ்’ ஒலியில் முடிந்தால் ஒரு அசை கூடும்: வாட்சஸ், பிரஷஸ், ஃபினிஷஸ். ‘டஸ்’ஸை எழுத்துக்கூட்டி ‘டோஸ்’ என்று படிப்பார்கள், ‘ஹேவ்’ ‘ஹேஸ்’ ஆவதையும் தனியாகச் சொல்ல வேண்டும். கேள்வியில் “டஸ் ஷி குக்?” என்னும்போது ‘எஸ்’ ‘டஸ்’ஸுக்குப் போய்விட்டது, வினையில் திரும்ப வராது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு ‘எஸ்’ என்று வைத்துக்கொண்டால் இந்தப் பாடத்தளவில் தப்பாது.

திருத்துவது பற்றிக் கொஞ்சம்

மாணவர்: “மார்னிங் ஐ வில் கெட் அப் சிக்ஸ் ஓ கிளாக், சார்.”
நீங்கள்: “ஓ, யூ கெட் அப் அட் சிக்ஸ்?”
மாணவர்: “யெஸ் சார்.”

பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நாசூக்காகத் திருத்திவிட்டீர்கள். ஆனால் அவர் அதைத் திருத்தம் என்றே எடுத்துக்கொள்ளவில்லை, நீங்கள் ஆமோதித்தீர்கள் என்று நினைத்து ‘யெஸ் சார்’ சொல்லிவிட்டார். கனடாவில் பிரெஞ்சு மொழி வகுப்புகளைக் கவனித்து ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் இதேதான். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கும் மேல் இப்படிச் சரியாகத் திருப்பிச் சொல்வது, ஆனால் மாணவர்கள் தாங்களே திருத்திக்கொள்ள மிகக் குறைவாக உதவியதும் அதுதான்.

அதற்குப் பதில் அவர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திக் கொடுங்கள். “எவ்ரி டே, ஐ...?” என்று இழுத்துவிட்டு, பலகையில் இருக்கும் அந்த ஏழு கட்டத்தைக் காட்டுங்கள். “ஐ கெட் அப்... அட் சிக்ஸ்” என்று அவர் வாயிலிருந்தே வரும். கட்டத்தைக் காட்டினால் ‘வில்’, ஆள்காட்டி விரலை வளைத்தால் ‘எஸ்’ விட்டுப்போச்சு என்று சைகைகளை முன்பே பேசிவைத்துக்கொண்டால் பேச்சை நிறுத்தாமலே திருத்தலாம். எல்லாத் தப்பையும் பிடிக்க வேண்டாம். அன்றைய வகுப்புக்கு ஒன்று. இன்று ‘வில்’ என்றால் இன்று ‘எஸ்’ஸைக் கண்டுகொள்ளாதீர்கள், நாக்கைக் கடித்துக்கொண்டாவது.

சரளம் வர, எழுத, மறக்காமலிருக்க

பால் நேஷன் என்ற மொழியியலாளர் பரவலாக்கிய ‘4/3/2’ என்றொரு பயிற்சி உண்டு. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். தொடக்க நிலையில் நான்கு நிமிடமெல்லாம் யாராலும் பேச முடியாது, ஒன்றரை நிமிடம், ஒரு நிமிடம், முக்கால் நிமிடம் என்று குறைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபர்ஸ்ட், தென், ஆஃப்டர் தட்’ மூன்றையும் இதற்கு முன் கொடுத்துவிட்டால் வாக்கியங்களைக் கோத்துக்கொள்வார்கள். கேட்கும் ஆள் மாறுவதால் திரும்பச் சொல்வது செயற்கையாக இருக்காது. இந்தப் பயிற்சி நடக்கும்போது நீங்கள் ஒன்றும் திருத்தாதீர்கள், கடிகாரத்தை மட்டும் பாருங்கள்.

எழுதுவது இதற்குப் பின்னால். வாயில் வந்ததையே ஐந்தாறு வரி எழுதட்டும், பெயர் போடாமல். நீங்கள் கலந்து படியுங்கள், இது யாருடைய நாள் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

மறதியைப் பற்றி 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்துப் பார்த்து எழுதிவைத்தது இன்றும் பொருந்துகிறது: படித்ததும் முதல் சில மணி நேரத்தில்தான் மறதி அதிவேகம், பிறகு மெதுவாகும். ஆகவே மறுநாள் ஐந்து நிமிடம், இரண்டு மூன்று நாள் கழித்து ஐந்து நிமிடம், அடுத்த வாரம் ஐந்து நிமிடம். நோட்டைத் திறக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. வீட்டுப்பாடமாக, அந்தந்த வேலையைச் செய்யும்போதே வாய்விட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். இல்லையென்றால் போனில் ஒரு நிமிடம் தன் நாளைப் பதிவு செய்து அனுப்பட்டும்.

எப்போது அடுத்த பாடத்துக்குப் போகலாம்? நோட்டைப் பார்க்காமல் ஒரு நிமிடம் தன் நாளைச் சொல்கிறார், இரண்டு மூன்று கேள்விக்குப் பதில் சொல்கிறார், திருப்பி உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார் என்றால் போகலாம். அடுத்து ‘நேற்று’தான் வசதி, துண்டுகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதிகம் புழங்கும் வினைகள்தான் ‘எட்’ சேர்த்து முடியாமல் முழுசாக உருமாறுபவை: வோக், காட், ஹேட், வென்ட். அதனால் ‘நேற்று’ பாடத்தை பிரஷ், குக், வாக், ஃபினிஷ் இந்த நான்கில் தொடங்குங்கள், மற்றவற்றை வகுப்புக்கு இரண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம்.